எங்கள் வீட்டுக் காய்ச்சல்

என் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்பும் மனசும் சரியாக இருக்கிறீர்களா. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூன்று பேரும் நலம். நலம் என்ற வார்த்தையை இதற்கு முன்னால் எத்தனையோ கடிதத்தில் உனக்குக் கை கூசாமல் பொய்யாக எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை உள்ளதைத்தான் எழுதுகிறேன். எனக்கு முட்டி வலி போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை. உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது, புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து வீட்டில் எனக்கே தெரியாத தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, என்னைத்தான் படுத்துகிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஒரு குழாயை நிறுத்தத் தெரியவில்லையா என்று தினமும் கேட்கிறாள். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார், குட்டிக்குக் காதை மூடிக் குல்லா போடு, காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் விடாதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியில் பூசி மெழுகிவிடுவேன், என் வாய் எனக்குத் தெரியும். எழுதினால் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போக வேண்டியிருக்கிறது, தப்பிக்க முடியவில்லை.

உன் தம்பி குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. இது உனக்குத் தெரியும், உன் அம்மா சொல்லியிருப்பாள். நீ அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே சரி அப்புறம் என்று பேச்சை மாற்றுகிறாய் என்றும் சொன்னாள். அவனோடு பேசு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, பயப்படாதே. நான் எழுத வந்தது என்னைப் பற்றி. அதுவும் வயதான மனுஷன் வெளியே சொல்ல வெட்கப்படுகிற விஷயம். எனக்குப் பொறாமை. ஒரு பஸ் டிரைவர் மேல் பொறாமை. உன் அம்மா இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள், அந்த ஆள் பேச்சு வந்தாலே உங்களுக்கு முகம் ஒரு முழம் நீளுது, வயிறு எரியுதுன்னு நேராச் சொல்லிடுங்களேன் என்கிறாள். சொல்லிவிட்டேன், போதுமா.

அந்த ஆள் யார் என்று கேள். உன் தம்பி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து வெளியே வந்தான் இல்லையா, வந்த கையோடு ஒரு கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடக்கிறது, குடியை விட்டவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் பழைய ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், குடிக்க வேண்டும் போல வருகிற நேரத்தில் அவரைத்தான் கூப்பிட வேண்டும். இவன் தேர்ந்தெடுத்தது பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவரை. ஐம்பது வயது இருக்கும், காதோரம் நரைத்த, கணுக்கால் தெரிகிற மாதிரி பேன்ட் போட்ட ஆள். குடியை விட்டுப் பதினான்கு வருஷமாம். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அண்ணன் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு. வேலை முடிந்ததும் பசியோடு இருக்காதே என்று அண்ணன் சொன்னாராம், சரி. பழைய கூட்டாளிகள் நிற்கிற தெரு வழியாக வராதே, சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று அண்ணன் சொன்னாராம், சரி. இதையே நான் ஒன்பது வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேனே, அப்போது இந்தக் காது எங்கே போயிருந்தது. அவர் சொன்னால் வேதவாக்கு, நான் சொன்னால் பக்கத்து வீட்டு ரேடியோ. போதாக்குறைக்கு, கொஞ்ச நாள் தனியாக இருந்து பார் என்று அண்ணன் சொல்ல, இவன் வேலை செய்கிற கண்ணாடிக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்துப் போய்விட்டான். பெற்ற வீட்டை விட்டுப் பிரித்தும் விட்டார் பார் என்று உன் அம்மாவிடம் குதித்தேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, பையன் சிரிக்கிறான், நீங்க அழுறீங்க என்றாள்.

நீயே சொல்லும்மா, நான் என்ன குறை வைத்தேன். ஊரில் இருக்கிற எல்லார் கட்டடத்து லிஃப்டையும் சரி செய்தவன், நம் கட்டடத்து லிஃப்ட் நின்ற வாரத்தில் அவனைத் தோளில் போட்டு நான்கு மாடி ஏறினேன், அன்று போனதுதான் இந்த முட்டி. அவன் வாந்தியைத் துடைத்திருக்கிறேன், அவன் தூங்குகிறபோது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடை முதலாளிக்குப் போன் பண்ணி, அவனுக்குக் காய்ச்சல் சார், இன்னிக்கு வர முடியாது என்று சொன்னதை எண்ணினால் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காணும் அத்தனை காய்ச்சல். அந்த முதலாளி கெட்டிக்காரர், உங்க பையனுக்குத் திங்கட்கிழமை திங்கட்கிழமை காய்ச்சல் வருதே, நல்ல டாக்டராப் பாருங்க என்பார், நானும் பார்க்கிறோம் சார் என்பேன். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லமாட்டோம். போகப் போக வீட்டுக்குள்ளேயே அந்த வார்த்தைதான் புழங்கியது. அவனுக்கு இன்னிக்குக் காய்ச்சலா என்று உன் அம்மா மெதுவாகக் கேட்பாள், கொஞ்சமாத்தான் என்பேன். குடி என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. நீ போன் பண்ணும்போதும் அதே காய்ச்சல்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள், கடைசியில் இங்கேதான் வரப் போகிறேன்.

அந்த டிரைவரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நான் பதினேழாம் நம்பரில் ஏறினேன். சிரிக்காதே. உன் தம்பி வேலை முடிந்து சில நாள் அந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய் அதே பஸ்ஸில் திரும்புகிறான் என்று தெரியும். நான் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே ஏறிப் பின் சீட்டில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எங்க போகணும் என்று கண்டக்டர் கேட்டார், அதை யோசிக்கவே இல்லை நான், கடைசி வரைக்கும் என்றேன். கண்ணாடிக் கடை ஸ்டாப்பில் இவன் ஏறினான். முகம் வெளுத்து, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நேராக டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். இப்போது ஏதாவது பெரிய புத்திமதி வரும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம், ஒரு வார்த்தை கிடையாது. அவர் தலைக்கு மேலே ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இவன் அந்த எழுத்தையும் சாலையையும் அவர் பிடரியையும் பார்த்துக்கொண்டே வந்தான். அவர் கியர் மாற்றினார், பிரேக் போட்டார், குறுக்கே வந்த ஒரு ஸ்கூட்டர்காரனை முணுமுணுத்துத் திட்டினார். கடைசி ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கி ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள். அப்போது பார்த்தேன், இவன் கை அக்குளிலிருந்து வெளியே வந்திருந்தது, டீ தளும்பவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா அண்ணன் அண்ணன் என்று உருகுகிறான் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் முதல் பாடமே வேறு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பயப்படாதீங்க, வந்துட்டேன், கதவை உதைக்காதீங்க, மூச்சை இழுத்து விடுங்க என்று வாய் ஓயாமல் பேச வேண்டும், பேச்சு நின்றால் உள்ளே இருக்கிறவன் பதறிப் போவான். ஒன்பது வருஷம் உன் தம்பியிடமும் அப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது பேசினேன், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசினேன். அந்த மனுஷன் சும்மா இருந்தே சாதித்துவிட்டார் என்றால் நான் பேசியதெல்லாம் என்ன கணக்கு. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன், உன் அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை உன் அம்மாவுக்கும் முழுசாகச் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடை முதலாளி போன் பண்ணினார். உங்க பையன் இன்னிக்கு வரல, அவனே போன் பண்ணான், காய்ச்சலாம் என்றார். காய்ச்சலாம் என்பதை அவர் இழுத்த இழுப்பில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. போச்சு, பத்து மாதமும் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கண்ணு, உன்னிடம் மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் பேனாவைத் தொட்டேன், அதனால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பார்த்தாயாடா, உன் அண்ணனும் தோற்றுவிட்டார், இனி என்னிடம்தானே வருவாய் என்று ஒரு சந்தோஷம். ஒரு நொடிதான் இருக்கும். பெற்ற பிள்ளை விழுந்துவிட்டான் என்று நினைத்தும் ஒரு தகப்பனுக்கு அப்படித் தோன்றுமா. தோன்றியது.

அவசரத்தில் ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் உன் அம்மா செருப்பு, அப்படியே ஓடினேன். சைக்கிள் கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார், நான் நிற்கவில்லை. மாடி ஏறிக் கதவைத் தள்ளினால் உன் தம்பி போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான், பக்கத்தில் ஸ்டூலில் அந்த டிரைவர், மத்தியான ஷிஃப்டுக்குப் போட்ட சட்டையோடு, ஈரத் துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேராகப் போய்க் குனிந்து இவன் வாயை மோந்து பார்த்தேன். அப்புறம் தேட ஆரம்பித்தேன். எனக்கு இவன் ஒளிக்கிற இடமெல்லாம் அத்துப்படி, கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்தேன், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன், ஷூவைக் கவிழ்த்தேன், தலையணை உறைக்குள் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஸ்டூலுக்கு அடியில் கிடந்த தெர்மாமீட்டரை டிரைவர் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார், நூற்று மூன்று. உன் தம்பி கண்ணைத் திறந்து, காய்ச்சல்ப்பா, நிஜக் காய்ச்சல் என்றான். பல் கிடுகிடுக்கச் சொன்னான்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். அடங்கவில்லை. உடம்புக்கு முடியலன்னா பெத்தவனுக்குச் சொல்ல மாட்டியா, அவரைத்தான் கூப்பிடுவியா என்று கேட்டேன். உங்களைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றதுப்பா, காய்ச்சல்னா என்றான். நாமே உண்டாக்கி வைத்த வார்த்தை, அவனுக்கு நிஜமாகவே தேவைப்பட்ட நாளில் அது செல்லவில்லை பார். நான் இன்னொரு துணியை நனைத்து அவன் காலில் வைத்தேன். டிரைவர் தலைமாட்டில், நான் கால்மாட்டில். அதிலும் கூட அவருக்குத் தலைமாடு கிடைத்துவிட்டதே என்று தோன்றாமல் இல்லை, என் புத்தியை என்ன செய்ய.

பன்னிரண்டு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பினார், நான் மாத்திரை வாங்க அவரோடு இறங்கினேன். கீழே வந்ததும், அன்னிக்கு பஸ்ல ஒரு மணி நேரமா ஒரே பக்கத்தைப் படிச்சீங்களே சார், என்ன சேதி இருந்துச்சு அதுல என்று கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை, என் கால் செருப்பைப் பார்த்தார். பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். எங்க வீட்ல காய்ச்சல் இல்ல சார், வெளியூர் என்றார். எனக்குப் புரியவில்லை. இவர் குடித்துவிட்டு எங்காவது கிடக்கிற நாளில் யார் வந்து கேட்டாலும் இவருடைய அப்பா, பையன் வெளியூர் போயிருக்கான் என்றுதான் சொல்வாராம். அக்கம்பக்கம், சொந்தக்காரர்கள், வேலை செய்த இடம், எல்லாருக்கும் வெளியூர்தான். ஒரு நாள் அந்த அப்பா கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு எல்லாரும் அதையே சொல்லியிருக்கிறார்கள், வெளியூரு, அங்க போய் எங்க தேடுறது என்று. இவர் மூன்று தெரு தள்ளி ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்திருக்கிறார். மூன்றாவது நாள் வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு, எனக்கு உங்க பையன் மேல ரொம்பப் பொறாமை சார், இப்ப நீங்க ஷூவைக் கவுத்துப் பார்த்தீங்களே, அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் என்றார்.

நான் முதல் தடவையாகப் பேசாமல் நின்றேன். பஸ் வருகிற நேரம், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டார். அந்தக் காய்ச்சலை இன்னும் யார்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க சார் என்றார். முதலாளி, பக்கத்து வீடு, மாடி வீடு என்று விரல் விட்டுச் சொன்னேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். உன்னிடமும் சொன்னேன் என்பதை நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ லீவுக்கு வந்திருந்தாய், நான்கு வருஷம் கழித்து வந்திருந்தாய். பல் டாக்டரிடம் போக நீயும் அம்மாவும் கிளம்பி நின்றீர்கள். குட்டியைப் பார்க்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று உன் தம்பி சொன்னான். நான் சமையலறையில் இதே குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். நீ வாசற்படியில் நின்று, அப்பா, தம்பி நல்லா இருக்கானா, அனுப்பட்டுமா என்று கேட்டாய். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவன் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது நான் எதிரே வந்தேன், எனக்கு வாடை அடித்தது. எனக்குத் தெரியும் கண்ணு. தெரிந்தேதான் சொன்னேன், போன வாரம் காய்ச்சல், இப்ப விட்டுடுச்சு, தாராளமா அனுப்பு என்று சொன்னேன். நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போகப் போகிறவள், அந்தப் பத்து நாளும் வீடு நல்ல வீடாகத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டேன். கொஞ்சமாகத்தான் குடித்திருப்பான், ஒன்றும் ஆகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் அந்தப் பார்க்குத் தோட்டக்காரர் குட்டியை ஊஞ்சலிலிருந்து தூக்கி வந்து வீட்டில் விட்டதும், இவன் ஒரு கடைக்குப் பின்னால் கிடந்ததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய கேவலம். உன் முன்னால் அவன் சட்டையைப் பிடித்து, நம்பிக் கொடுத்தாளேடா, உனக்கு மனசாட்சி இருக்கா என்று கத்தினேன், கையை ஓங்கினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் அவன் உன்னிடமும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், சொல்லியிருந்தால் நீ என்னோடும் பேசியிருக்க மாட்டாய். அப்பாவுக்குத் தெரியும் அக்கா என்று மூன்று வார்த்தை, அதைச் சொல்லியிருந்தால் உன் கோபத்தில் பாதி என் பக்கம் வந்திருக்கும். அவன் முழுசையும் தானே வாங்கிக்கொண்டான். நான் அவனுக்காக ஒன்பது வருஷம் காய்ச்சல் என்று சொன்னேன் என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறேன், அவன் எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அந்த டிரைவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறான் போல, இல்லாவிட்டால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். இப்போதும் எனக்கு அந்த மனுஷன் மேல் பொறாமைதான், போய்விட்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு காய்ச்சல். என் பிள்ளை என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவரிடம்தானே சொல்லியிருக்கிறான்.

அடுத்த மாதம் அவனுக்கு ஒரு வருஷம் முடிகிறது. அன்று அந்த வகுப்பறையில் வீட்டு ஆள் ஒருவர் எழுந்து ஐந்து நிமிஷம் பேசலாமாம், என்னைப் பேசச் சொன்னான். ஐந்து நிமிஷம் உங்களுக்கு இருமவே பத்தாதே என்கிறாள் உன் அம்மா. அங்கே நின்று என் பிள்ளை குடிகாரனாக இருந்தான், நான் அதை மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதியிருக்கிறேன். ஊர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும், அதனால்தான் இந்தக் கடிதம். அவனோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம், நான் நடுவில் வர மாட்டேன். என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணு, அம்மா அந்த நேரம் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், நான்தான் எடுப்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு. நடுவில் பேச மாட்டேன், அது மட்டும் அந்த பஸ்ஸில் ஏறிக் கற்றுக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். குட்டி நன்றாக வளர வேண்டும், என் முத்தத்தை அவளிடம் கொடு, தாத்தா என்று சொல்லிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய். குல்லாவை மறக்காதே.

இப்படிக்கு,
அன்றைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்ன
உன் அப்பா